பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தவன்

எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை தோற்றவன் நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போகும் சாலையில் என் கடை இருக்கிறது. ஆய்வு முடித்தவர்கள், முடிக்கப் போகிறவர்கள், அவர்களுக்கு வழிகாட்டுகிற பேராசிரியர்கள் என்று எல்லாரும் படியேறி வந்து, "ஐயா, எப்ப ரெடியாவும்?" என்று என்னைத்தான் கேட்பார்கள். நான் சொல்கிற நாளுக்குத்தான் அவர்கள் தங்கள் படிப்பை முடித்தாக வேண்டும். பசை காய வேண்டும் அல்லவா.

மேல்பட்டாம்பாக்கத்தில் பிறந்தேன். பள்ளிக்கூடத்தை விட்டதும் திருப்பாதிரிப்புலியூரில் ஓர் அச்சகத்தில் தாள் கட்டு சுமக்கப் போனேன். எழுத்துக் கோப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டேன். கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பியிருக்கும் ஈய எழுத்தை நேர் எழுத்தைவிட வேகமாகப் படிப்பேன். பிறகு பைண்டிங். பிறகு பழைய ஜெராக்ஸ் மிஷின் ஒன்று. அதை யாரும் ரிப்பேர் செய்ய வராதபோது நானே கழற்றி மாட்டினேன். இன்று மூன்று ஜெராக்ஸ் மிஷின், இரண்டு கம்ப்யூட்டர், தங்க எழுத்து பொறிக்கிற மிஷின் ஒன்று. எவனும் எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. இன்றும் திருப்பாதிரிப்புலியூர் வீட்டிலிருந்து காலை ரயிலில் கிளம்பி, கடையை நானேதான் திறக்கிறேன்.

இதையெல்லாம் முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, இவன் விவரம் தெரியாதவன், தெரியாமல் செய்துவிட்டான் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசிவிடக் கூடாது. விவரம் தெரிந்தவன்தான் நான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மாணவர்கள் ப்ராஜெக்ட் கொண்டுவந்து டைப் செய்து நான்கு பிரதி பைண்ட் பண்ணச் சொன்னால், ஐந்தாவதாக ஒன்றைப் போட்டுக் கடையில் வைத்துக்கொள்வோம். அதற்கு மாடல் என்று பெயர். அடுத்த வருஷம் வருகிற பிள்ளைகள், எந்தத் தாளுக்குப் பின் எந்தத் தாள் வரும், முகப்பில் எதை எழுத வேண்டும் என்று பார்த்துக்கொள்வதற்கு. ஆரம்பித்தது அப்படித்தான். போகப் போக, பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் குறைந்தார்கள். "ஐயா, இதையே பேர் மாத்திக் குடுத்துடுங்களேன்" என்பவர்கள் வந்தார்கள். முகப்பில் பெயர், வழிகாட்டியின் பெயர், வருஷம், உறுதிமொழிப் பக்கம். நான்கு இடத்தில் மாற்றினால் போதும். எங்கள் சாலையில் அதற்குப் பேர் மாத்துறது என்றே சொல்வார்கள், டயர் மாத்துறது என்று சொல்வதைப்போல.

உறுதிமொழிப் பக்கம் எனக்கு மனப்பாடம். 'இந்த ஆய்வேடு என் சொந்த முயற்சியால் எழுதப்பட்டது என்றும், இதற்கு முன் வேறு எந்தப் பட்டத்துக்கும் அளிக்கப்படவில்லை என்றும் உறுதி கூறுகிறேன்.' எத்தனை பேருக்கு இதை அடித்துக் கொடுத்திருப்பேன் என்று தெரியாது. ஆய்வேடுகளில் நான் முழுதாகப் படித்த ஒரே பக்கமும் அதுதான். மற்றதெல்லாம் எனக்கு நிறம். கருநீல அட்டை என்றால் ஒரு துறை, மெரூன் என்றால் இன்னொரு துறை, பச்சை என்றால் வேளாண்மை. அட்டையைப் பார்த்துத்தான் எடுத்து வைப்பேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பரீட்சைக் காலத்தில் எங்கள் சாலையில் பிட்டு ஜெராக்ஸ் அமோகமாக நடக்கும். புத்தகத்துப் பக்கத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிக் கொடுப்பார்கள். என் கடையில் அது கிடையாது. கேட்டு வந்தவனை வாசலிலேயே வைத்துத் திட்டி அனுப்புவேன். ஒரு வருஷம் தேர்வு நேர்மை பற்றி வைக்கிற பேனர்களை அடித்துத் தரும் வேலை என்னிடம் வந்தது. காப்பி அடிப்பது குற்றம், உழைத்துப் படிப்போம் என்று கொட்டை எழுத்தில் அடித்துக் கொடுத்தேன். கூடுதலாக ஒன்று அடித்து என் கடை வாசலிலும் கட்டினேன். அந்த பேனருக்குக் கீழே உட்கார்ந்துதான் பேர் மாற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு உறுத்தவில்லை. பிட்டு அடிக்கிறவன் திருடன்; ப்ராஜெக்ட் வேறு சங்கதி, அது பைண்டிங் வேலை என்று மனசில் ஒரு தடுப்புச் சுவர் கட்டி வைத்திருந்தேன். யாரும் அதை இடிக்கவில்லை. நானும் இடித்துப் பார்க்கவில்லை.

கொரோனா முடிந்து கல்லூரிகள் திறந்த பிறகு, ஒரு வெயில் காலத்தில் அந்தப் பெண் வந்தாள். அண்ணாகிராமம் பக்கம். சமூகவியலில் முதுகலை இரண்டாம் வருஷம், தமிழ் வழியில் படித்தாள். மற்றவர்கள் பென் டிரைவோடு வருவார்கள். அவள் கோடு போட்ட தாளில், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதிய ஒரு கட்டைத் துணிப்பையிலிருந்து எடுத்து வைத்தாள்.

"என்னாம்மா, இந்தக் காலத்துல கையால எழுதினு வந்துருக்கிற?" என்றேன்.

"வீட்டுல கம்ப்யூட்டர் இல்லீங்க ஐயா. அவுங்க பேசப் பேச எழுதுனது. எழுத்து புரியலன்னா கேளுங்க, நான் பக்கத்துல உக்காந்து சொல்றேன்."

சொன்னபடியே மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கடையில் டைப் அடிக்கிற அம்மாள் ஒருவர் இருந்தார். பத்து வருஷத்துக்கு மேலாக என்னிடம் வேலை செய்தவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டுத்தான் கடைக்கு வருவார். பூசையைத் தவறவிட்டதில்லை, டைப்பில் ஒரு புள்ளியையும் தவறவிட்டதில்லை. இரண்டு பேரும் ஏதேதோ பேசிச் சிரித்துக்கொண்டே அடித்தார்கள். முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்களைப் பற்றிய ஆய்வு என்று காதில் விழுந்தது. அந்தப் பெண்ணின் அம்மாவும் கொட்டை உடைக்கிறவர்தானாம். எனக்கு அதில் ஆர்வம் இல்லை. அட்டை என்ன நிறம் என்று மட்டும் கேட்டேன்.

"அட்டை இப்ப வேணாங்க. எங்க சார் பாத்துத் திருத்தம் சொல்லுவாரு. அப்பறம் வர்றேன்" என்று ஒரே ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போனாள். கையெழுத்துக் கட்டு கடையிலேயே கிடந்தது. கம்ப்யூட்டரில் ஃபைலும் இருந்தது.

அடுத்த வாரம் என் மைத்துனன் வந்தான். என் மனைவிக்குத் தம்பி. கடலூரில் அரசாங்க அலுவலகத்தில் வேலை. பதவி உயர்வுக்கு முதுகலைப் பட்டம் இருந்தால் நல்லது என்று தொலைதூரக் கல்வியில் அதே சமூகவியலில் சேர்ந்திருந்தான். ப்ராஜெக்ட் கொடுக்கக் கெடு நான்கு நாளில் முடிகிறது.

"மாமா, நீங்க மனசு வச்சாத்தான் ஆவும். கடையில அடுக்கி வச்சிருக்கிறீங்களே, ஒண்ண எடுத்து என் பேரப் போடுங்க."

"பழசெல்லாம் இப்ப முடியாது மச்சான். சாஃப்ட் காப்பி கேக்கறாங்க. கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தா எந்த வருசத்துதுன்னு காட்டிக் குடுத்துடுதாம்."

"அப்ப புதுசா ஒண்ணு குடுங்க. ஒங்ககிட்ட இல்லாததா? சிதம்பரத்துல பாதி டாக்டருங்க ஒங்க கையாலதான பட்டம் வாங்குனாங்க."

அந்தக் கடைசி வார்த்தை போதுமாயிருந்தது எனக்கு. என்னை எங்கே தட்டினால் நான் திறப்பேன் என்று மைத்துனனுக்குத் தெரியும். வேறு எங்கும் கொடுக்கப்படாத, கம்ப்யூட்டரால் பிடிக்க முடியாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெண் படிப்பது நேர்க் கல்லூரி, இவன் படிப்பது தொலைதூரம். இரண்டும் எங்கே சந்திக்கப் போகின்றன என்று கணக்குப் போட்டேன். இரண்டும் ஒரே கம்ப்யூட்டர் சோதனைக்குத்தான் போகும் என்பது எனக்குத் தெரியாது. அவ்வளவு அனுபவம் இருந்தும் அங்கேதான் சறுக்கினேன்.

டைப் அடிக்கிற அம்மாளைக் கூப்பிட்டுப் பெயர் மாற்றச் சொன்னேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு இன்னும் குடுக்கவே இல்லையே, மொதலாளி."

"அது குடுக்கும்போது குடுக்கட்டும். நீ அடி."

"பழசுன்னா பரவால்லன்னு அடிச்சேன். இது வேற."

"எல்லாம் ஒரே பேப்பர்தான். எழுந்திரு."

எழுந்துகொண்டார். நானே உட்கார்ந்து நான்கு இடத்திலும் மாற்றினேன். பக்கம் பக்கமாக அண்ணாகிராமம் என்று வந்த இடத்தில் பண்ருட்டி என்று ஒரே அழுத்தில் மாற்றினேன். மெரூன் அட்டை, தங்க எழுத்து. மைத்துனன் மறுநாளே வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டான்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் திருத்தங்களோடு வந்து, அடித்து, பைண்ட் செய்து வாங்கிப் போனாள். நான்தான் தங்க எழுத்து பொறித்தேன்.

அதற்குப் பிறகு அவள் வந்தது ஒரு மத்தியான நேரம். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"ஐயா, என் ப்ராஜெக்ட்டு காப்பின்னு சொல்றாங்க. பக்கத்துக்குப் பக்கம் செவப்பா காட்டுது. வேற ஒருத்தரு முன்னாடியே இதையே குடுத்துருக்காராம்."

"யாராம்?"

"பேரு சொல்லமாட்டேங்கறாங்க. முன்னாடி குடுத்தவருதுதான் அசலாம். கமிட்டி வச்சிருக்கறாங்க, வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கறாங்க. நீங்க வந்து சொல்லுங்கய்யா. நான் இங்கதான் டைப் பண்ணுனேன், இந்தத் தேதில பண்ணுனேன்னு மட்டும் சொல்லுங்க. என் கையெழுத்துக் கட்டு ஒங்ககிட்டதான் இருக்குது. அதக் குடுங்க, காட்டிடறேன்."

அவளுக்கு அதில் என்ன போகும் என்பதையும் அவளே சொன்னாள். துறையில் முதல் மாணவி. அவளுடைய வழிகாட்டி, ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம் இருந்த பேராசிரியர், மேலே ஆராய்ச்சிப் படிப்புக்குத் தன்னிடமே சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். காப்பி என்று தீர்ப்பானால் அந்தத் தாளில் ஃபெயில். மறுபடி வேறு தலைப்பில் செய்து அடுத்த வருஷம் கொடுக்க வேண்டும். ஆராய்ச்சி இடம் போய்விடும்.

கையெழுத்துக் கட்டு என் தலைக்கு நேர் மேலே, பரணில் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தால் மைத்துனனின் வேலைக்கே ஆபத்து. என் கடைப் பெயரும் கெடும். இரண்டையும் ஒரு கணத்தில் எடை போட்டேன். அச்சகத்தில் தாள் கட்டு சுமந்தவன், எடை போடுவதில் கெட்டிக்காரன்.

"அதெல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாச்சேம்மா" என்றேன்.

"போட்டுட்டீங்களா?" என்று ஒருமுறை கேட்டாள். பிறகு டைப் அடிக்கிற அம்மாளைப் பார்த்தாள். அம்மாள் குனிந்து தாளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு மூன்று பிள்ளைகள், சம்பாத்தியம் என் கடை மட்டுந்தான். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை நான் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள் பேராசிரியர்கள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கிறார்கள் என்றால், போகாமல் இருக்க என்னால் முடியவில்லை. வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கொண்டு போனேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பெருமை. என் குணம் அப்படி.

நீண்ட மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

"இந்தப் பொண்ணு ஒங்க கடையில டைப் பண்ணுச்சுங்களா?"

"பண்ணுச்சுங்க."

"எப்ப? தேதி ஏதும் ஞாபகம் இருக்குதா? ஃபைல் இருக்குதா?"

"தெனம் நூறு பேரு வர்றாங்க சார். தேதி எப்படிச் சொல்றது. ஃபைலெல்லாம் அப்பப்ப அழிச்சிடுவோம்."

"கையெழுத்துப் பிரதி இருந்ததா சொல்லுது."

"எல்லாரும் குடுப்பாங்க சார். வச்சிக்கறதில்ல."

அவர்களில் வயதான பெண் பேராசிரியர் ஒருவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒங்களுக்கு வேற எதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். கதவை அகலத் திறந்து வைத்துக் கேட்ட கேள்வி அது. இப்போது நினைத்தால் தெரிகிறது. "இல்லீங்க மேடம்" என்றேன். தேநீர் கொடுத்தார்கள். குடித்தேன்.

வெளியே மரத்தடியில் அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் அம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். என் பெண்ணுக்காக வந்தீர்களே என்று கும்பிட்டார். கைகளைச் சேலை முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்ததால், கும்பிட்டபோதுதான் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்திருந்தது. நானும் கும்பிட்டுவிட்டு ரயிலுக்கு நேரமாகிறது என்று நடந்தேன்.

அவளுக்கு அந்தத் தாள் போயிற்று. ஒரு வருஷம் கழித்து வேறு ஏதோ தலைப்பில் செய்து பட்டம் வாங்கினாள் என்று கேள்விப்பட்டேன். என் கடைக்கு வரவில்லை. அதற்குள் அவளுடைய வழிகாட்டி ஓய்வு பெற்றுவிட்டார். மைத்துனனுக்குப் பதவி உயர்வு வந்தது. தீபாவளிக்கு வேட்டியும் சேலையும் எடுத்துக்கொண்டு வந்தான். "மாமா இல்லன்னா நான் இல்ல" என்று என் மனைவி எதிரில் சொன்னான். நான் சிரித்தேன்.

டைப் அடிக்கிற அம்மாள் மட்டும் மாறிவிட்டார். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் பேர் மாற்றுகிற வேலை வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார். போன வருஷம் அவருடைய மூத்த பெண்ணுக்கு வேலை கிடைத்தது. அடுத்த மாதமே, "நான் நின்னுக்கறேன் மொதலாளி" என்றார்.

"ஏன், சம்பளம் பத்தலையா?"

"அதுக்கில்ல."

"பின்ன எதுக்கு?"

"அந்தப் பொண்ணோட கட்டு இன்னும் பரண்ல இருக்குது. நீங்க அதக் கீழ எறக்குவீங்க எறக்குவீங்கன்னு பாத்தேன். கமிட்டில என்னக் கூப்புட்டுக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கூப்புடல. நானாப் போயிருக்கலாம், போவல. அது எங்கூடத்தான் இருக்குது. ஒங்களச் சொல்லிக் குத்தம் இல்ல." கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பரணிலிருந்து கட்டை இறக்கினேன். எரித்துவிடலாம் என்றுதான் இறக்கினேன், அதை மறைக்க விரும்பவில்லை. தூசி தட்டியபோது மேல் தாளில் கண் ஓடியது. அவ்வளவு தெளிவான கையெழுத்து. அச்சகத்தில் எழுத்துக் கோத்த காலத்தில் இப்படி ஒரு கையெழுத்து வந்தால் கும்பிட்டிருப்போம். ஒரு பக்கம் படித்தேன். இன்னொரு பக்கம். எனக்கு வேகமாகப் படிக்க வராது, விரலை வைத்துத்தான் ஓட்டுவேன். கடை வேலைக்கு இடையே படித்து முடிக்க எட்டு நாள் ஆயிற்று. வாழ்க்கையில் முழுதாகப் படித்த முதல் ஆய்வேடு அது.

பதினொரு பெண்களிடம் பேசி எழுதியிருந்தாள். கொட்டையின் தோட்டில் ஓர் எண்ணெய் இருக்கிறதாம். உடைக்கும்போது தெறித்து விரலைச் சுட்டு, தோலை உரித்துவிடும். அதற்காகச் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்காருவார்களாம். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறப் போகமாட்டார்கள், கையைப் பார்த்துச் சாப்பிடுகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று. இதெல்லாம்கூட எங்கேயாவது கேட்டிருக்கலாம். ரேஷன் கடையில் விரலை வைக்கச் சொல்லும் மிஷின் வந்த பிறகு அவர்களுக்கு ரேகை விழவில்லை. எண்ணெய் ரேகையைத் தின்றுவிட்டது. ஒரு பெண் சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள்: 'நான் நாந்தான்னு நான் சொன்னாப் போதாதாம், மிஷினு சொல்லணுமாம்.'

அந்த இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டேன். மூன்று பேர் உட்கார்ந்த மேஜைக்கு முன்னால் அந்தப் பெண்ணும் இப்படித்தான் நின்றிருப்பாள் என்று தோன்றியது. இது என்னுடையது என்று அவள் சொன்னால் போதாது, கடைக்காரன் சொல்ல வேண்டும் என்றார்கள். கடைக்காரன் நான், தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.

கம்ப்யூட்டரில் மைத்துனனுக்குக் கொடுத்த ஃபைலும் இருந்தது. அழித்துவிட்டோம் என்று சொன்னதும் பொய்தான். திறந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் பெயரையும் ஊரையும் மட்டுந்தான் மாற்றியிருந்தேன். ஒரு கிழவி பேட்டி கொடுக்கும்போது, 'ஏண்டி, நீயும் உங்கம்மா மடியில உக்காந்து கொட்ட ஒடச்சவதான, ஒனக்குத் தெரியாததா' என்று சொல்கிறாள். நாற்பத்தைந்து வயது ஆம்பளை பெயரில் உள்ள ப்ராஜெக்டிலும் அது அப்படியே 'ஏண்டி' என்று நின்றது. அந்த ஒரு பக்கத்தைக் கமிட்டியில் நான் எடுத்துக் காட்டியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். எனக்கே தெரியவில்லை. நான்தான் படிக்கவில்லையே.

கட்டை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனேன். பழைய கமிட்டியில் இருந்தவர்கள் யாரும் இப்போது அங்கே இல்லை. அலுவலகத்தில் இருந்தவர் நிதானமாகக் கேட்டார். "பெரியவரே, முடிஞ்ச ஃபைலத் தொறக்கணும்னா அந்தப் பொண்ணே மனு குடுக்கணும். நீங்க எழுத்து மூலமா வாக்குமூலம் குடுத்தா அதோட சேத்து வைக்கலாம்" என்றார்.

அண்ணாகிராமத்துக்குப் பஸ் ஏறினேன். முந்திரி கம்பெனி ஒன்றில் அவள் கணக்கு எழுதுகிறாள் என்று விசாரித்து வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தாள். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடு. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. அவள் அம்மாதான் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

கட்டை மேஜைமேல் வைத்தேன். அவள் தொடவில்லை.

"பழைய பேப்பருக்குப் போட்டுட்டேன்னீங்க."

"போடல."

"அன்னிக்கே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"யாருன்னும் தெரியுமா?"

"தெரியும்மா. பேர மாத்திக் குடுத்ததே நான்தான்."

அவள் அழவில்லை, கத்தவில்லை. மனு கொடுக்க வேண்டும், நான் வாக்குமூலம் டைப் அடித்துக் கொண்டுவருகிறேன் என்றேன்.

"டைப் வேணாம்" என்றாள். "டைப்புன்னா யாரு வேணா யாரு பேரு வேணாப் போட்டுக்கலாம். அது ஒங்களுக்கே தெரியும். கையால எழுதிக் குடுங்க. இங்கயே."

"எனக்கு அவ்வளவா எழுத வராதும்மா. தப்புத் தப்பா வரும்."

"வரட்டும்."

உள்ளே போய்க் கோடு போட்ட தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள். ஊரெல்லாம் என் கையால் பட்டம் வாங்கியது என்று பேசியவனுக்கு, ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நடுவில் 'ஒருவருக்கு' என்று எழுதிவிட்டு மேலே போனேன். முடித்துக் கொடுத்ததும், அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் உரக்கப் படித்தாள். 'ஒருவருக்கு' என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"இது யாரு?"

"என் சம்சாரத்தோட தம்பிம்மா. அவன் வேலை..."

"என் பேரு கமிட்டி பேப்பர் எல்லாத்துலயும் இருந்துச்சுங்க. காப்பியடிச்ச பொண்ணுன்னு."

தாளை என் பக்கம் தள்ளினாள். 'ஒருவருக்கு' என்பதை அடித்துவிட்டு, மைத்துனனின் பெயரையும் உறவையும் எழுதினேன். அவள் மறுபடி ஆரம்பத்திலிருந்து படித்தாள். பிழைகளைத் திருத்தவில்லை, இருந்தபடியே படித்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் அம்மா, "இத அன்னிக்கே சொல்லியிருந்தா அஞ்சு நிமிசங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

மனு போயிற்று. விசாரணை நடந்தது. அவள் முதலில் அடித்த ஃபைலின் தேதியையும் அந்த 'ஏண்டி' இருந்த பக்கத்தையும் நானே காட்டினேன். டைப் அடித்த அம்மாளும் தானாக வந்து சொன்னார். அந்தப் பெண்மேல் குற்றமில்லை, ஆய்வு அவளுடையதுதான் என்று கடிதம் வந்தது. மைத்துனனின் பட்டத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவன் அலுவலகத்திலும் கேட்டிருக்கிறார்கள். என் மனைவி பிறந்த வீட்டுக்குப் போவதில்லை. என்னோடும் அளந்துதான் பேசுகிறாள். "ஒங்க மனச்சாட்சிக்கு என் தம்பிதான் கெடச்சானா?" என்றாள். அவனுக்கு அந்த ஃபைலை எடுத்துக் கொடுத்ததும் நான்தான், பிடித்துக் கொடுத்ததும் நான்தான்.

கடையில் இருந்த மாடல்களையெல்லாம் எடுத்து, பெயர் பார்த்துத் தகவல் சொல்லி, வாங்க வந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தேன். மீதியை என் கண்முன்னால் கூழாக்கச் சொன்னேன். பேர் மாத்த வருகிறவர்களிடம் இல்லை என்கிறேன். அடுத்த கடைக்குப் போகிறார்கள். நல்லவனாகிவிட்டேன் என்று இதைச் சொல்லவில்லை. அறுபத்தாறு வயதில் நிறுத்தினேன், அவ்வளவுதான். இதை முப்பது வயதில் நிறுத்தியிருக்க எனக்குப் புத்தி இருந்தது.

கடிதம் வந்த வாரம் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். ஆராய்ச்சியில் சேர்வாயா என்று கேட்டேன். பழைய சார் இல்லை, வேறு ஒருவரிடம் பேசியிருக்கிறேன், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாள். கம்பெனியில் விடுவார்களா என்பதும் தெரியவில்லையாம்.

"சேந்தீன்னா, புஸ்தகம் பைண்டிங் நான் பண்ணித் தர்றேன்மா. நல்ல அட்டை போட்டு, தங்க எழுத்துல" என்றேன். சொன்ன பிறகுதான், இவ்வளவுக்கும் பிறகு நான் இன்னமும் அட்டையைப் பற்றிப் பேசுகிறேன் என்று தோன்றியது.

பின்னணியில் கொட்டை உடைக்கிற சத்தம் கேட்டது.

"வேணாங்க" என்றாள்.